ஓனரம்மாவின் சிவப்புத் தரை

மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஒரு பழைய வேட்டித் துணியில் ஊறினால் வரும் வாசனை இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு முழங்கால் வலிக்கிறது. மைசூர் அக்ரஹாரத்தில் பழைய வீடு ஒன்றைக் காபிக் கடையாக்கியிருக்கிறார்கள் என்று தோழி ஒருத்தி சமீபத்தில் அழைத்துப் போனாள். அங்கே பழைய சிவப்புத் தரையை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். வந்தவர்களெல்லாம் குனிந்து குனிந்து அதைப் போட்டோ எடுப்பதும், "என்ன குளிர்ச்சி பாரு" என்று உருகுவதுமாக இருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பளபளப்பு தானாகவே வந்தது என்று நினைத்துவிட்டார்களா? அதைத் தேய்த்தவள் யாரென்று ஒருத்தராவது கேட்டார்களா? காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதே அக்ரஹாரத்தில் இன்னொரு தெருவில்தான் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை; அம்மா கொள்ளேகாலத்துக்காரி. வீட்டின் முன்பாதியில் சொந்தக்காரர்கள், பின்பாதியில் நாங்கள். சொந்தக்கார அம்மாளைத் தெருவே "ஓனரம்மா" என்றுதான் கூப்பிடும். அந்த ரெட் ஆக்சைடு தரையை அவருடைய மாமனார் அரண்மனை வேலைக்காரர்களைக் கொண்டு போட்டாராம். அந்தத் தரைக்கு ஒரு கீறல் விழுந்துவிடக் கூடாது என்பதைத் தவிர ஓனரம்மாவுக்கு உலகத்தில் வேறு கவலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்தால் முதலில் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். வாசல் வெளிச்சம் விழும் பக்கமாகத் தலையைச் சாய்த்துத் தரையைத்தான் பார்ப்பார். போகும்போது கன்னடத்தில் "நெல ஜோபானா கணம்மா" என்பார். தரை பத்திரம் என்று அர்த்தம். வீட்டில் காய்ச்சலாகப் படுத்திருப்பவர்களைப் பற்றி அவர் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

அதனால் எங்கள் வீட்டில் எதையும் இழுக்கக் கூடாது, தூக்கத்தான் வேண்டும். கட்டில் கால், நாற்காலிக் கால் எல்லாவற்றுக்கும் அப்பா சைக்கிள் ட்யூபை வெட்டிச் செருப்புப் போட்டுவிட்டிருந்தார். பம்பரம் கூடாது, கோலிக்குண்டு கூடாது, எலுமிச்சம்பழச் சாறு சொட்டிவிட்டால் குற்றம். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா தரையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய்த் துணியால் முழங்காலிட்டுத் தேய்ப்பாள். நான் அடுத்த மூலையிலிருந்து தேய்த்துக்கொண்டு வருவேன். முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை அந்த வழவழப்பில் நானே வழுக்கி விழுந்து தாடை பிளந்துவிட்டது. அலறல் கேட்டு ஓடி வந்த ஓனரம்மா, "பேக ஒரஸு, பேக ஒரஸு" என்று பதறினார். சீக்கிரம் துடை, ரத்தக் கறை பிடித்துவிடும் என்பதுதான் அந்தப் பதற்றம். அம்மா ஒரு கையால் என் தாடையை அழுத்திக்கொண்டு மறு கையால் தரையைத் துடைத்தாள். அந்தத் தழும்பு இன்னும் என் தாடையில் இருக்கிறது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது அம்மாவின் தையல் மிஷினுக்கு நடந்தது.

கல்யாணத்துக்குச் சீராகத் தாத்தா கொடுத்த கால்மிஷின் அது. கொள்ளேகாலத்திலிருந்து பஸ் மேல் ஏற்றிக் கொண்டு வந்தது. அம்மா தைக்கும் ரவிக்கை அளவு பிசகாது. வாசலில் "லேடீஸ் டைலர்" என்று ஒரு சின்னப் பலகை மாட்ட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அந்தப் பலகைக்கு என்ன நிறம் அடிப்பது என்று என்னிடம் அடிக்கடி யோசனை கேட்பாள். ஆனால் மிஷின் வாசலுக்கு வந்த அன்றே ஓனரம்மா குறுக்கே கையை நீட்டிவிட்டார். "மிஷின் ஒளகே பேடா." உள்ளே கூடாது. இரும்புக் கால் கீறும், ஓட்டினால் அதிரும், அதிர்ந்தால் தரை விரிசல் விடும். அப்பா காலுக்கு ரப்பர் வைத்துக் காட்டினார், கொட்டாங்கச்சி கவிழ்த்துக் காட்டினார், சாக்கை நாலாக மடித்துப் போட்டுக் காட்டினார். பேடா என்றால் பேடாதான். அந்த வாடகைக்குப் பட்டறைக்குப் பக்கத்தில் வேறு வீடு கிடைக்காது என்பது ஓனரம்மாவுக்கும் தெரியும். மிஷின் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு தகரத்துக்குக் கீழே போய் நின்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஓனரம்மாவின் பக்கத்துத் தரை எப்போதோ பாழாகிப் போயிருந்தது. அவர் மகன் கூடத்திலேயே ஸ்கூட்டரை ஏற்றி ஸ்டாண்டு போடுவான். அந்த இடமெல்லாம் குழி. அதற்கு ஒரு வார்த்தை கிடையாது. தசராவுக்குப் பொம்மை பார்க்க வரும் உறவுக்காரர்களை, தன் பக்கத்துத் தரையில் பாயை விரித்து மறைத்துவிட்டு, எங்கள் பக்கத்துக்கு அழைத்து வருவார். "நம்ம மாவனவரு ஹாகிஸித்து", எங்கள் மாமனார் போட வைத்தது என்று பெருமை பேசுவார். வந்தவர்கள் அதில் முகம் பார்த்து வியப்பார்கள். அம்மா முட்டியைத் தடவிக்கொண்டு சுவரோரம் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு தசரா சமயத்தில்தான், எதிர்வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு அம்மாவிடம் பட்டு ரவிக்கைத் துணி வந்தது. அதுவரை வந்ததெல்லாம் சாதாரண வாயில் துணி ரவிக்கைகள். பட்டு அதுதான் முதல். பின்கட்டில் உட்கார்ந்து அம்மா ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் ஓரம் வழியாகச் சாரலாக அடித்தது. நான் உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா துணியை வாரிக்கொண்டு ஓடி வந்தாள். ஓடி வந்தவள் பின்வாசற்படியில் நின்றுவிட்டாள். அன்று வெள்ளிக்கிழமை, தரை அப்போதுதான் தேய்த்த தரை, அவள் காலோ சேறு. வெளியே கிடந்த சாக்கில் வலது காலைத் துடைத்தாள், இடது காலைத் துடைத்தாள், மறுபடி வலது காலைத் துடைத்தாள். கூரைத் தண்ணீர் அவள் தோளிலும் கையிலிருந்த பட்டிலும் கொட்டிக்கொண்டே இருந்தது. "அம்மா, உள்ள வா!" என்று கத்தினேன். "இரு கண்ணு, காலு ஈரமா இருக்குது" என்றாள்.

பட்டின் அரக்குச் சாயம் ஜரிகைக் கரையெல்லாம் இறங்கிவிட்டது. எதிர்வீட்டார் நல்லவர்கள், சண்டை போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் அம்மாவிடம் துணி கொடுக்கவில்லை. மிஷின்மேல் சாக்கு விழுந்தது. சாக்குக்குக் கீழே அது துருப்பிடித்தது. பலகையின் நிறத்தைப் பற்றி அம்மா பிறகு என்னிடம் பேசவே இல்லை.

ஓனரம்மா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. காபிக் கடையிலிருந்து கோபத்தோடு எழுந்து வந்தேன் இல்லையா, அன்று கால் தானாக எங்கள் பழைய தெருவுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு முன்னால் டைல்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஸ்கூட்டர் மகன், இப்போது நரைத்துப் போனவன், என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தான். "பழைய தரை அக்கா, யாரு மெயின்டெய்ன் பண்றது? ஒடச்சுட்டோம்" என்றான் தமிழிலேயே. தெருவோரத்தில் சிவப்புச் சில்லுகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் மேல்பக்கமும் இன்னும் மினுங்கியது, அம்மாவின் எண்ணெய்தான். நான் செருப்புக் காலோடு அந்தக் குவியல்மேல் ஏறி நின்றேன். அவன் என்ன நினைத்தானோ தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவளாவது திட்டித் தீர்ப்பாள் என்று பார்த்தால், "அய்யோ, நல்ல தரையாச்சே கண்ணு" என்று வருத்தப்பட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இது என் சொந்த வீடு, என் பெயரில் வாங்கியது, கீழே கிடப்பது எந்தக் கடையிலும் கிடைக்கும் டைல்ஸ். அம்மா விடாமல் கூடவே கொண்டு வந்து பால்கனி மூலையில் போட்டிருந்த அந்தத் துருப்பிடித்த மிஷினை இரண்டு கையாலும் பிடித்து, கூடத்துக்கு நடுவே, கிறீச்சென்று தரை அலற, வேண்டுமென்றே இழுத்துக்கொண்டு வந்தேன்.

உள்ளேயிருந்து அம்மா தடுமாறி எழுந்து ஓடி வந்தாள். இரண்டு கைகளாலும் என் வாயைப் பொத்துவது போல் காற்றில் அமர்த்திக் காட்டினாள்.

"தூக்கு கண்ணு, இழுக்காத! ஓனரம்மாவுக்குக் கேக்கும்."