மாமியார் ஏற்றுக்கொண்ட பெயர்

2001-இல் முதல் குழந்தையைச் சுமந்திருந்தபோது காரணமே இல்லாமல் அழுவேன். வயிற்றில் குழந்தை அசைந்தால் சந்தோஷத்துக்குப் பதில் பயம்தான் வரும். லேடி டாக்டர் என்னைத் திருவண்ணாமலையில் இருந்த ஒரு மனநல டாக்டரிடம் அனுப்பினார். துணைக்கு மாமியார் வந்தார்.

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறும்போதே, "யாராவது கேட்டா ஸ்கேனுக்கு வந்தோம்னு சொல்லிடுங்க அத்தை" என்று கெஞ்சினேன்.

டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது எங்கள் தெருப் பெண் ஒருத்தி எதிரே வந்துவிட்டாள். கதவில் இருந்த போர்டைப் படித்தவள், என்னை மேலும் கீழும் பார்த்து, "இங்க யாருக்கு வைத்தியம்?" என்றாள்.

"எனக்குத்தாம்மா. கொஞ்ச நாளா மனசு சரியில்ல. மருமகளைத் தொணைக்கு இட்டாந்தேன்" என்றார் மாமியார்.

நான் ஆமாம் என்பதுபோல் தலையை வேறு ஆட்டினேன்.

டாக்டரிடம் மாதக்கணக்கில் பேசிப் பேசித் தேறினேன். மகளும் நல்லபடியாகப் பிறந்தாள். தெருவில் மாமியாரைத்தான் 'பைத்தியம்' என்றார்கள். விசேஷ வீடுகளில் அவர் கையில் குழந்தையைத் தரத் தயங்கினார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஒருநாள் அழுதுகொண்டே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு இன்னா போவுது? நீ தேறிட்ட இல்ல, அது போதும்" என்றார்.

வீட்டுக்குள் மன்னிப்புக் கேட்கத் துணிந்த நான், தெருவில் நாலு பேரிடம் உண்மையைச் சொல்ல அவர் இறக்கும்வரை துணியவில்லை. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.