நான் சொல்லாத பதினாலரை

ஜெகதாப்பட்டினத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறேன். என் மனைவியின் தம்பியும் அங்கேதான் இருந்தான். பகலில் நான், இரவில் அவன். மிஷினுக்குள் ஓடும் அம்மோனியாவின் அழுத்தத்தை மீட்டரில் பார்த்துச் சரியாக வைத்திருப்பதுதான் வேலை. நூற்றெண்பது பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பூசையில் மிஷினுக்குப் பொட்டு வைக்கும்போது, மீட்டர் கண்ணாடியிலும் நூற்றெண்பதுக்கு நேராக ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிடுவோம். முள் பொட்டில் நின்றால் போதும். எண்ணை யார் படித்தோம்?

போன வருஷம் அந்த மீட்டர் பழுதாகிப் புதிது மாட்டினார்கள். "இனிமே ஒரு ஆளு போதும், யாருன்னு சொல்றேன்" என்று முதலாளி சொல்லியிருந்த சமயம். புதிய மீட்டரில் இருபத்தைந்து வரைதான் எண் இருந்தது. மாட்ட வந்த மெக்கானிக்கைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"இது 'பார்'ங்கற அளவுங்க. பதினாலரையால பெருக்குனா ஒங்க பி.எஸ்.ஐ. வந்துரும். முள்ளு பன்னெண்டரைகிட்ட நிக்கட்டும்" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பூசை நேரத்துக்கு மச்சினன் வந்தான்.

"என்ன மச்சான், நம்பரெல்லாம் சின்னதா இருக்கு?"

"மீட்டர்தான் புதுசு மாப்ள. மிஷின் பழசுதானே" என்றேன்.

அவன் நம்பினான். பழைய மீட்டரில் பொட்டு இருந்த அதே இடத்தில் புதியதிலும் வைத்தான். அது பதினைந்துக்கு நேராக விழுந்தது. நான் பார்த்தேன். திருநீற்றைப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

முள் பொட்டுக்கு வரவில்லையே என்று இரவில் அவன், மிஷினைக் குளிர்விக்கிற தண்ணீரைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றியிருக்கிறான். தாங்காமல் மிஷின் நின்றுவிட்டது. காலையில் ஐஸ் கட்டியில் பாதி தண்ணீர். கடலுக்குப் போக வேண்டிய போட்டுக்காரர்கள் வாசலில் நின்று கத்தினார்கள்.

முதலாளி அவனை அவர்கள் நடுவில் நிறுத்தினார்.

"பன்னெண்டரை பாருன்னா எத்தன பி.எஸ்.ஐ.? சொல்லுடா."

விரலை மடக்கினான்.

"இவன் மூளைய ஐஸ்ல வச்சாத்தான் கெடாம இருக்கும்" என்றார் முதலாளி.

"வேணாங்க, ஐஸு கெட்டுப்போகும்" என்றார் ஒரு போட்டுக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

"நூத்தி எம்பதுங்க." கேட்டு வாய் மூடுவதற்குள் சொன்னேன்.

"இவன் இருக்கட்டும். நீ சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பு."

கேட்டுக்கு வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டான்: "நேத்தே தெரியுமா மச்சான்?"

"முருகன் மேல சத்தியமா தெரியாது மாப்ள. இப்பத்தான் மனசுல கணக்குப் போட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்களாச்சும் தப்பிச்சீங்களே. அக்கா சோத்துக்குக் கஷ்டப்படாது."

இப்போது துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்குகிறான். முதுகெல்லாம் மீன் தண்ணீர் வடிய, ஐஸ் ஏற்ற எங்கள் வாசலுக்கு வருவான். கிருத்திகைக்கு விரதம் இருக்கிறேன், மலையேறுகிறேன், பொய்ச் சத்தியத்துக்கு முருகனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அவனிடம் மட்டும் கேட்கவில்லை. சொன்னால் முதலாளி காதுக்குப் போய்விடும்.