வானம் வெளுத்த நாட்கள்

எழுதிப் பழக்கம் இல்லாதவன் நான். ஆரம்பாக்கத்தில் பத்தாவது முடித்து வயல் வேலைக்கு வந்துவிட்டவன். விஞ்ஞானம் படித்த ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நினைவுக்கு வருவது ஒரு கண்ணாடிப் பெட்டி. இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிந்தைய ஒரு சம்பாப் பருவத்தில், ஆராய்ச்சிக்காக எங்கள் வயலுக்கு வந்த மேடம் அதை நெற்பயிர் மேல் கவிழ்த்து வைப்பார். உள்ளே கரியமில வாயு எவ்வளவு குறைகிறது என்று பக்கத்திலிருக்கும் கருவி காட்டும். செயற்கைக்கோள் மேலிருந்து பயிரின் பச்சையைப் பார்க்குமாம். நிலம் எவ்வளவு வாயுவை இழுக்கிறது, எவ்வளவு திருப்பி விடுகிறது என்று அதை வைத்துக் கணக்குப் போடுவார்களாம். அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க, செயற்கைக்கோள் கடந்துபோகும் அதே காலைப் பத்தரை மணிவாக்கில் கீழேயும் அளக்க வேண்டும். மேகம் இருந்தால் அதற்கு வயல் தெரியாது. அதனால் வானம் வெளுத்த நாளில் மட்டும்தான் மேடம் சென்னையிலிருந்து ரயிலில் வருவார். விடிந்ததும் வானத்தைப் பார்த்து, டெலிபோன் பூத்திலிருந்து அவருக்குச் சொல்வது என் வேலை.

அந்த ஐப்பசியில் ஊரே மழைக்கு ஏங்கியது. நான் வெயிலுக்கு ஏங்கினேன். அண்ணி கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா கொழுந்தனாரே, மழை வந்தா மூஞ்சி தொங்குது, வெயிலு அடிச்சா ஷேவிங் பண்ணிக்கினு நிக்கிற? உனுக்கு நெல்லு வேணுமா, வேற இன்னாவாச்சும் வேணுமா?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்துவிட்டேன்.

கார்த்திகையில் கதிர் வெளிவந்தது. அந்த நேரத்து அளவு கிடைக்காவிட்டால் அதுவரை எடுத்ததெல்லாம் அரைகுறைதான் என்று மேடம் சொல்லியிருந்தார். கருவியோ பலருக்கும் பொது. இரண்டு நாளில் ஏதாவது ஒரு நாள்தான் அவருக்குக் கிடைக்கும்.

"எந்த நாள்னு நீங்க சொல்றதுதாண்ணே. உங்களை நம்பித்தான் எடுத்துட்டு வருவேன்."

முதல் நாள் விடியலில் கிழக்கே பழவேற்காடு ஏரிப் பக்கம் கருமேகம் படுத்திருந்தது. மேற்கே ஒரு துண்டு மட்டும் நீலம். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவரைப் பார்த்து இருபது நாளாகியிருந்தது. போனில் குரல் கேட்டதும், "வெளுத்துகினு வருது மேடம், வந்துடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஸ்டேஷனில் இறங்கும்போதே தூறல். வயலை நெருங்குவதற்குள் கொட்டியது. கருவியைக் கோணியால் மூடிவிட்டு இருவரும் மோட்டார் கொட்டகையில் நின்றோம்.

"காலைல நெஜமாவே வெளுத்திருந்துச்சாண்ணே?"

"கொஞ்சம் வெளுத்துதான் இருந்துச்சு மேடம்."

"எந்தப் பக்கம்?"

மேற்கைக் காட்டினேன். காற்று கிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு பயிரைப் பார்த்தார். மழை விடாமலே ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊருக்கு வரவே இல்லை.

இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேட்டில் காவலுக்கு நிற்கிறேன். வெளுத்த காலைகளில் பத்தரை மணிவாக்கில் தலை தானாக அண்ணாந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கொட்டகையில் அவர் பக்கத்தில் நிற்பதற்காக இன்னொரு தடவை பொய் சொல்வேனா என்று கேட்டுக்கொள்வேன். சொல்ல மாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல இன்றும் முடியவில்லை.

அந்த மழைக்கு மறுநாள் ஆரம்பாக்கத்தில் மேகமே இல்லை. கருவி வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. நானும் அண்ணியும் வயலில் தேங்கிய தண்ணீரை வடித்தோம்.