என் கண்டக்டருக்குக் காய்ச்சல் இல்லை

ஐம்பதுகளின் நடுவில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும் தனியார் பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். குறுக்கே வருகிற மாட்டுவண்டிக்காரரிலிருந்து கிளம்ப மறுக்கிற எஞ்சின் வரை ஒருவரையும் விடாமல் திட்டுவேன். என் கண்டக்டர் எனக்கு நேர் எதிர். என்னைவிட எட்டு வயது சின்னவன். வீட்டில் தெலுங்கு, கட்டியது கன்னடக்காரப் பெண்ணை, பள்ளியில் படித்தது தமிழ். ஏறுகிறவர் எந்தப் பாஷையில் வாயைத் திறக்கிறாரோ அதே பாஷையில் டிக்கெட் கொடுப்பான். எங்கள் தடத்தில் அது எல்லாக் கண்டக்டர்களும் காட்டுகிற மரியாதைதான். ஆனால் இவன் அதை ஆசையாகச் செய்வான். பெண்கள் கைக்குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டு மூட்டையை இறக்கப் போவார்கள். குழந்தையோடு மூன்று பாஷையிலும் பேசிக்கொண்டு நிற்பான். நான் ஹாரனை அடித்துக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் ராஜ்யங்களை மொழிவாரியாகப் பிரிக்கிற பேச்சு வந்தது. ஓசூர் எந்தப் பக்கம் என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை. ஒரு நாள் காலை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மகஜரை நீட்டினார்கள். ஓசூர் சென்னை ராஜ்யத்திலேயே இருக்க வேண்டுமாம். தமிழில் கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் இன்னொரு மகஜர். ஓசூரை மைசூர் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டுமாம். அதில் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டேன். தினமும் பார்க்கிற முகங்கள் வாய்விட்டுக் கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது? எங்கள் பக்கத்தில் என்னைப்போல இரண்டிலும் போட்டவர்கள் நிறையப் பேர்.

என் கண்டக்டர் இரண்டிலும் போடவில்லை.

"நான் நினைக்கிறது ரெண்டுலயும் எழுதலையேண்ணா" என்றான்.

"நீ நினைக்கிறத எழுதி வெச்சிக்கிட்டு யாருடா காத்திருக்கறாங்க? போட்டுட்டு வண்டியில ஏறு" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே விசிலை ஊதினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தை மைதானத்தில் பொதுக்கூட்டம். தலைமை எங்கள் முதலாளி. வேலை இல்லாதவர்கள் எல்லோரும் வந்துவிட வேண்டும் என்று ஷெட்டில் சொல்லியிருந்தார். எங்கள் இருவருக்கும் அன்று லீவு. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தோம். ஓசூர் ஒரு அங்குலம்கூட நகராது என்று நான்கு பேர் முழங்கி முடித்தார்கள். பிறகு முதலாளி, வேறு யாராவது பேசுகிறீர்களா என்று ஒப்புக்குக் கேட்டார். என் பக்கத்தில் இருந்த என் கண்டக்டர் எழுந்துவிட்டான். சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கையை மெதுவாக விலக்கிவிட்டான்.

"ஊரை எந்தப் பக்கம் சேத்தாலும் எனக்குச் சம்மதங்க. அந்தப் பக்கம் போனாலும் நான் அழமாட்டேன். எங்க வண்டியில ஒரு நாளைக்கு எத்தனையோ பேரு ஏறுறாங்க. வாயத் தொறக்கற வரைக்கும் யாரு எந்தப் பாஷைன்னு எனக்கே தெரியாது. தொறந்தப்புறமும் பாதி வழியில மாத்திப் பேசறாங்க. கோடு போடறவங்க போடட்டும். ஆனா கோட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கிற புள்ளைங்களும் அந்தப் பக்கம் மாட்டிக்கிற புள்ளைங்களும் அவங்கவங்க வீட்டுப் பாஷையில படிக்க வழி பண்ணிட்டுக் கோட்டப் போடுங்க. யார் ஜெயிக்கறதுங்கறத விட எனக்கு அதுதாங்க பெருசா தெரியுது."

அவ்வளவுதான் பேசினான். ஒருவரும் கை தட்டவில்லை. முதலாளியின் முகம் கறுத்துப் போயிற்று. வீட்டுக்கு நடக்கும்போது வழி நெடுக அவனைத் திட்டினேன். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். வேலை போனால் அவளை எங்கேடா கூட்டிப் போவாய் என்று கேட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் அவனுக்கு முன்னால் நான் ஷெட்டுக்குப் போய்விட்டேன். முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவன் கல்யாணத்துக்கு வேட்டி, புடவை எடுத்துக் கொடுத்தவர். ஆனால் அன்று கொதித்துக்கொண்டிருந்தார்.

"என் வண்டியில வேலை செஞ்சிக்கிட்டு என் கூட்டத்துலயே என்னத் தலைகுனிய வெச்சிட்டான். நாலு ஊரு சிரிக்குது."

என் வாயில் எங்கிருந்து வந்ததோ, "அவனுக்கு ரெண்டு நாளா குளிர்காய்ச்சலுங்க மொதலாளி. என்ன பேசறோம்னே தெரியாம பெனாத்திட்டான்" என்றேன். அவன் உடம்பு அனலாகக் கொதித்ததென்றும், நான்தான் கைத்தாங்கலாக வீடு சேர்த்தேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். முதலாளியின் குரல் தணிந்தது. அவருக்கும் அவனை விட மனமில்லை என்று தோன்றியது. "சரி, அத அவன் வாயால எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டு வண்டி ஏறட்டும்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அவன் வந்தான். ஓரமாக இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். காய்ச்சல் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்டா என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. டிரைவர்கள், கிளீனர்கள், மெக்கானிக் எல்லோரும் நிற்க, முதலாளி அவனைப் பார்த்து, "ஒடம்பு எப்படிப்பா இருக்குது?" என்றார். அன்பாகத்தான் கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க. நேத்தும் நல்லாத்தாங்க இருந்துச்சு. நான் தெரிஞ்சுதான் பேசினேன்."

தோல்பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். விசிலையும் வைத்தான். முதலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எதிர்ப்பக்கத்து மகஜர்ல நானுந்தான் கையெழுத்துப் போட்டிருக்கறேன். அப்ப என்னையும் அனுப்புங்க" என்று கத்தினேன்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ ரெண்டுலயும் போட்டது எனக்குத் தெரியும்பா. உன்னால யாருக்கு என்ன தொந்தரவு? போ, வண்டிக்கு நேரமாச்சு." போய் வண்டியை எடுத்தேன். வேறென்ன செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

அவன் காய்கறி வியாபாரத்தில் இறங்கினான். கிராமங்களில் கோஸும் பீன்ஸும் வாங்கிப் பெங்களூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவான். பல மாதங்கள் வேறு பஸ்களில்தான் போனான். நான் சங்கடப்படக் கூடாது என்று அப்படிச் செய்தான் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் இன்னும் வலித்தது. பெண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்த்தேன். அவன் மனைவி எனக்குக் காபி கொடுத்தாள். வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

எல்லையெல்லாம் முடிவாகி, ஓசூர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. அதன்பிறகு ஒரு நாள் காலை கூடைகளை மேலே ஏற்றிவிட்டு என் வண்டியிலேயே ஏறினான். எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். புதுக் கண்டக்டர் முதலாளியின் அக்கா மகன். அவனிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டான். ஜூஜுவாடி தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்குக் காய்ச்சல்னு பொய் சொன்னேனே, எம்மேல கோவமாடா?"

"உம்மேல எனக்கென்னண்ணா கோவம்? நான் நல்லா இருக்கணும்னு சொன்ன." என் பக்கம் திரும்பினான். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் பேசினது உனக்குச் சரின்னு பட்டுச்சா, இல்லையா? திட்டின, கெஞ்சின, எனக்காகச் சண்டை போட்ட. அத மட்டும் நீ சொல்லவே இல்லையே."

அவன் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்குச் சரியென்றுதான் பட்டது. அந்த மைதானத்திலேயே பட்டது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் என் கண், என்னைக் கேட்காமலே, புதுக் கண்டக்டர் எங்கே நிற்கிறான் என்று கண்ணாடியில் பார்த்துவிட்டது.

பக்கத்து சீட்டில் இருந்தவன் அதைக் கவனித்துவிட்டான்.

"பரவால்லண்ணா, ரோட்டப் பாரு" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தான்.