மலர் தட்டிப் பார்த்த டிரெய்லர்

மலருக்கு எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பத் தெரியாது. தேங்காய், மண்பானை, பழைய கட்டில் எதுவும் அவள் விரலுக்குத் தப்பியதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த எவர்சில்வர் தட்டைக்கூடத் தட்டிப் பார்த்தாள் என்று வீட்டில் இன்றும் கேலி உண்டு. குற்றம் அவளுடையது அல்ல. அப்பா பக்தவச்சலம் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். அங்கே தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி வைப்பார்கள். கணீரென்றால் போகலாம், மொத்தென்றால் திரும்பிவிட வேண்டும். சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. பழக்கம் மட்டும் குடும்பத்தை விட்டுப் போகவில்லை.

பீன்யா தொழிற்பேட்டையில் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற ஒரு ஷெட்டில் மலர் பதினான்கு வருடமாக வெல்டர். அங்கே வெல்டிங் பிடிக்கிற ஒரே பெண் அவள்தான். அவள் குடியிருக்கும் சந்தாபுரா பக்கம் புதுவீடுகள் எழும்பிக்கொண்டே இருந்தன. "எங்க வீட்டு கேட்ட நீயே செஞ்சு குடேன் மலரு" என்று கேட்காத ஆளில்லை. சொந்தமாகத் தொழில் செய்ய அவளுக்கும் கொள்ளை ஆசை. அண்ணன் கொடுத்த பழைய ஜீப் ஒன்று வாசலில் நின்றது. ஆனால் அதில் ஆள் ஏறலாம், வெல்டிங் செட்டும் பன்னிரண்டு அடிப் பைப்பும் ஏறாது. பின்னால் மாட்டி இழுக்க ஒரு டிரெய்லர் கிடைத்தால் போதும், அவள் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

அப்படி ஒரு டிரெய்லர் ஷெட்டுக்குப் பின்னாலேயே கிடந்தது. பத்து வருட மழையில் ஊறி, பலகை மக்கி, சக்கரம் பாதி மண்ணுக்குள் இருந்தது. ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது முதலாளி வெங்கடசுப்ரமணியன் வழக்கமான கட்டளையைப் போட்டார். வேலை செய்யாத இரும்பு எதுவும் பூஜையன்று ஷெட்டில் இருக்கக் கூடாது.

"சார், அந்த டிரெய்லர எனக்குக் குடுங்க. பூஜைக்குள்ள ஓட வச்சுடறேன்" என்றாள் மலர்.

"சும்மா எதுக்கும்மா உசுர விடற? சனிக்கெழம பழைய இரும்பு வாங்கற குஜரிக்காரன் வரான், எடுத்துனு போயிடுவான்."

"வெள்ளிக்கெழம பாத்துட்டுச் சொல்றேன் சார்."

வெள்ளிக்கிழமை சுத்தியலோடு போனாள். பலகையும் டயரும் அவளுக்குப் பொருட்டில்லை, மாற்றிக்கொள்ளலாம். அச்சு நேராக இருந்தது. டீசல் ஊற்றிச் சுற்றியதும் சக்கரம் முனகிக்கொண்டே சுழன்றது. எல்லாம் வண்டியைத் தாங்கும் இரண்டு நீளச் சட்டங்களில்தான் இருந்தது. இரண்டும் உள்ளே கூடாக இருக்கும் சதுரக் குழாய்கள். இடது சட்டத்தைத் தட்டினாள். கணீர். வலது சட்டத்தைத் தட்டினாள். மொத்து. முன்னால், நடுவில், பின்னால், தட்டிய இடமெல்லாம் மொத்து.

எல்லார் முன்னாலும் முதலாளியிடம் போய்ச் சொன்னாள். "வேணாம் சார். வலது பக்கம் உள்ள செத்துப்போச்சு."

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் அவர். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மலர் யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

மறுநாள் காலை குஜரிக்காரன் இரண்டு ஆட்களோடு வந்தான். அவர்கள் தூக்கினார்கள். இடது பக்கம் சுலபமாக எழும்பியது. வலது பக்கம் அசையவே இல்லை. "இன்னாடா இது, யானை மாதிரி கனக்குது" என்று இருவரும் அந்தப் பக்கமே சேர்ந்து நின்று தம் பிடித்தார்கள்.

மலர் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டாள். உளுத்துப்போன இரும்புக்கு இத்தனை கனம் ஏது? டிரில்லை எடுத்துக்கொண்டு ஓடினாள். "தம்பி, ஒரு நிமிசம் எறக்கி வைங்க."

வலது சட்டத்தில் துளை போட்டாள். துரு உதிர்ந்தது. அடுத்து பளபளவென்று வெள்ளை இரும்புச் சுருள் வந்தது. அதற்கும் பிறகு சாம்பல் நிறத் தூள். விரலில் தேய்த்துப் பார்த்தாள். சிமெண்ட். கேட் தூண் நட, அந்தக் காலத்தில் கான்கிரீட்டைக் கலந்து இதில்தான் கொண்டுபோவார்கள். வலது பக்கம் மேலே திறந்திருந்த போல்ட் துளை வழியாகச் சிமெண்ட் பால் இறங்கி உள்ளேயே இறுகிவிட்டிருந்தது. மொத்தென்று கேட்டது அதனால்தான். சிமெண்ட் ஒட்டிய இரும்பை உள்பக்கத் துரு தொடவில்லை. இன்னும் மூன்று இடத்தில் துளைத்தாள். மூன்றிலும் வெள்ளைச் சுருள்தான். நியாயத்துக்கு இடது சட்டத்தையும் துளைத்தாள். கணீரென்று பாடிய அந்தச் சட்டம்தான் இரண்டு இடத்தில் தகடாகத் தேய்ந்திருந்தது.

"நான் நேத்து சொன்னது தப்பு சார்" என்றாள் சத்தமாக. "பாறைக்கு வச்ச காத இரும்புக்கு வச்சுட்டேன். இது நல்ல வண்டி."

முதலாளி சிரித்தார். "நேத்து செத்துப்போச்சு, இன்னிக்கு உயிர் வந்துடுச்சா?"

"ஷெட்டுல இருக்கற அத்தன பேரும் ஏறட்டும். வளைஞ்சா நானே கட் பண்ணி குஜரில போடறேன்."

முதலாளி தலையாட்டினார், குஜரிக்காரன் முணுமுணுத்துக்கொண்டே போனான். அந்த வாரம் முழுக்க வேலை முடிந்தபின் மலர் வீட்டுக்குப் போகவில்லை, டிரெய்லரோடு மல்லுக்கட்டினாள். தங்கவயல்காரனான சக வெல்டர் வின்சென்ட், "நீ சொன்னா சரிதான்க்கா" என்று கிரைண்டரைப் பிடித்தான். இடது சட்டத்துக்குத் தகடு வைத்துப் பற்றவைத்தாள். புதுத் தரை, புது டயர், இரண்டு கோட் ரெட் ஆக்சைடு.

பூஜையன்று காலை ஷெட் முழுக்கச் சாமந்தி வாசனை. வண்டிகளுக்கு நடுவே ஜீப்பும் டிரெய்லரும் மாலையோடு நின்றன. சட்டத்தை ஒட்டி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நூல் கட்டிவிட்டு, ஏறச் சொன்னாள் மலர். பன்னிரண்டு பேர் ஏறினார்கள். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாளியும் ஏறினார். அவர் ஒருவரே இரண்டு ஆள் கனம். நூலுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மயிரிழைகூட விலகவில்லை. ஆட்கள் கைதட்டினார்கள். மலருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதலாளி மெல்ல இறங்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். "அப்போ திங்கக்கெழம நீ வர மாட்ட?"

"வர மாட்டேன் சார். சந்தாபுரால வேல இருக்கு."

அவர் டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தார். "எங்க வீட்டு மாடி கிரில்லு ரொம்ப நாளா ஆடுது. இங்க எவனுக்கும் அதுக்கு நேரமில்ல. நீ வந்து பாக்கறியா?"

"வரேன் சார்" என்று மலர் ஜீப்பில் ஏறினாள். "மூணு வீட்டு வேல முன்னால இருக்கு, அது முடியட்டும்."