வாசனை தெரியாத வருடத்துச் சமையல்

நான் ஓய்வு பெற்ற மறுவாரமே சமையலறை என் கைக்கு வந்துவிட்டது. பாதுகாப்புத் துறை ஆலை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வரைபடங்களைச் சரிபார்த்தவன் நான். மனைவி என்னைவிட ஐந்து வயது இளையவள். பேகம்பேட்டில் ஓர் அலுவலகத்தில் இன்னும் வேலையில் இருந்தாள். நாங்கள் இருக்கும் சைனிக்புரியிலிருந்து காலையில் கிளம்பினால் வீடு திரும்ப ஏழு மணியாகும்.

"பகல் பூரா வீட்லதானே இருக்கீங்க, வந்ததும் சாப்பிடற மாதிரி ஏதாவது ஒண்ணு பண்ணி வைங்களேன்" என்றாள். அப்படித்தான் தொடங்கியது.

பெரிய சமையல் எனக்கு வராது. ஒரே பாத்திரத்தில், அரை மணி நேரத்துக்குள் முடிகிறதாகப் பார்த்துச் செய்தேன். நன்றாக வந்ததை ஒரு பழைய டைரியில் தேதி போட்டு எழுதிவைப்பேன். அதை எதற்காகச் செய்தேன் என்று மேலே ஒரு வரியும் எழுதுவேன். அந்த ஒற்றை வரிகளைத்தான் இப்போது என்னால் நிம்மதியாகப் படிக்க முடிவதில்லை.

முதல் குறிப்பு புதினா சாதம். பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற சுபேதார் தொட்டியில் மண்டிக் கிடந்த புதினாவை ஒரு கட்டு அறுத்துக் கொடுத்திருந்தார். இரண்டு கைப்பிடி இலை, பச்சை மிளகாய் மூன்று, இஞ்சி ஒரு துண்டு, கொஞ்சம் தேங்காய். இவ்வளவையும் அரைத்து, வெங்காயம் வதக்கிய எண்ணெயில் பச்சை வாடை போகச் சுருட்டி, ஊறவைத்த அரிசியைப் போட்டுக் குக்கரை மூடினேன். விசில் வந்தபோது தெருவரை மணந்தது. சுபேதார் மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "ஹவ் சாப், க்யா குஷ்பூ!" என்று மணத்தைப் புகழ்ந்தார்.

அவள் வந்து ஒரு வாய் சாப்பிட்டாள். "பச்சைக் கலர் இருக்கு. புதினா வாசனையே காணுமே?"

ஓர் இலையைக் கசக்கி அவள் மூக்கருகே நீட்டினேன். இரண்டு முறை மூச்சை இழுத்தாள். பிறகு, "ம், வருது" என்றாள். மறுவாரம் புதினாவை இரட்டிப்பாக்கி எலுமிச்சம்பழமும் பிழிந்தேன். டைரியில் எழுதினேன்: 'வாசனை போதவில்லை என்றாள். இனி இந்த அளவுதான்.'

அடுத்தது கொத்தமல்லித் துவையல். காய்கறிச் சீட்டை அவள்தான் எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். உருண்டை உருண்டையான பெரிய எழுத்து அவளுடையது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவள் எழுதிய கடிதங்களைக் கண்ணாடி இல்லாமல் இப்போதும் படிப்பேன். அந்தச் சீட்டை மட்டும் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. முதல் வரி சுமாராக இருந்தது. கீழே வர வர எழுத்து சிறுத்து, கடைசி வரி எறும்பு ஊர்ந்த மாதிரி முடிந்திருந்தது. கொத்தமல்லி என்று நினைத்து நான்கு கட்டு வாங்கி வந்தேன். அவள் எழுதியிருந்தது கொத்தவரங்காய்.

"கண்ணை டெஸ்ட் பண்ணுங்க முதல்ல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நான்கு கட்டையும் கழுவித் துணியில் உலர்த்தி, நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பும் காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் வறுத்து, புளி, துளி வெல்லம் வைத்துக் கரகரப்பாக அரைத்தேன். கொத்தமல்லியைச் சூடான வாணலியில் ஒரு பிரட்டு மட்டும் பிரட்ட வேண்டும். துவையல் பத்து நாள் வந்தது. டைரியில், 'கொத்தவரைக்குப் பதிலாகப் பிறந்தது' என்று எழுதியிருக்கிறேன்.

அந்த மழைக்காலத்தில் எங்களுக்குள் சண்டை வந்தது. அவள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை என்று அவளுக்குக் கோபம். அவள் வேண்டுமென்றே முணுமுணுக்கிறாள் என்று எனக்கு. "நேத்தே சொன்னேன், உளுந்து ஊறப்போடச் சொல்லி." "எங்கே சொன்னே?" இதே பேச்சுத்தான் தினமும். கடைசியில் நானே போய்க் காதைப் பரிசோதித்துக்கொண்டேன். காது நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படியானால் அவள் குரலுக்கு என்ன ஆயிற்று என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

பிறகு ஒருநாள் முருங்கைக்காய்த் துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். இன்னொரு நாள் சப்பாத்தியைப் பிய்க்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்பூன்ல சாப்பிடற மாதிரி பண்ணுங்களேன். ஆபீஸ்ல டைப் பண்ணிப் பண்ணி வலது கை கடுக்குது."

சம்பா கோதுமை ரவைக் கிச்சடி அப்படி வந்தது. ஒரு டம்ளர் ரவைக்கு அரை டம்ளர் பாசிப்பருப்பு. இரண்டையும் வறுத்து, கேரட், பீன்ஸ், தக்காளியோடு நான்கு டம்ளர் தண்ணீர் விட்டு மூன்று விசில். இறக்கியதும் மிளகும் சீரகமும் நெய்யில் பொரித்துக் கொட்ட வேண்டும். இலகுவான சமையல். 'அவளுக்குக் கை வலி' என்று எழுதி, அதன் கீழே 'நெய் தாராளமாக' என்று அடிக்கோடிட்டிருக்கிறேன்.

அவளுக்கு விடுமுறையான ஒரு சனிக்கிழமை, போலாரத்தில் இருக்கும் பழைய சகா ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பதினொரு மணிக்குத் திரும்பி ஸ்கூட்டரை நிறுத்தும்போதே, மூடிய சன்னல்களையும் தாண்டி வாசலில் கேஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே ஓடினேன். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாவகாசமாகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. திருகு திறந்தே கிடந்தது.

"ஏன் இப்படி ஓடி வர்றீங்க?" என்றாள்.

அடுப்பை மூடி, சிலிண்டரை மூடி, எல்லாச் சன்னல்களையும் திறந்து, அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். நான் சன்னல்களைத் திறப்பதற்குள் அவள் எழுந்திருந்தாள்; மறு கையில் தீப்பெட்டி இருந்தது.

"சாமி விளக்கேத்தலாம்னு இப்பத்தான் எழுந்தேன். என்ன ஆச்சு, சொல்லுங்களேன்."

நான் சொன்னேன். அவள் தீப்பெட்டியைப் படியில் வைத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வீடு காற்றாடிய பிறகு அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே பிடித்தேன். பிறகு கற்பூரத்தை. கடைசியில் அன்று காலை அரைத்து வாங்கிய காப்பிப் பொடியை, அவள் மேலுதட்டில் படுகிற அளவுக்கு. அவள் பொறுமையாகக் கண்ணை மூடியபடி கேட்டாள்:

"எப்பங்க காட்டப் போறீங்க?"

டப்பாக்களை அவள் மடியில் வைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ரொம்ப நாளாவே இப்படித்தான்" என்றாள். "வயசானா போயிடும் போலன்னு விட்டுட்டேன். நீங்க ஆசை ஆசையா பண்ணி வைக்கறீங்க. ஒண்ணுமே தெரியலைன்னு எப்படிச் சொல்றது?"

மூக்குக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதும் என்றுதான் இருவரும் நினைத்தோம். அடுத்த வாரம் புனேயிலிருந்து மகள் வந்தாள். இங்கேயே படித்து வளர்ந்தவள். தமிழ் முழுக்கப் புரியும், பேச்சு மட்டும் இந்தியிலும் இங்கிலீஷிலும் வரும். மாலையில் மூவரும் காலனிச் சாலையில் நடந்தோம். மனைவி இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மகள் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா, தேக்கோ. மம்மீ கா ரைட் ஹேண்ட். ஹில் நஹீ ரஹா."

பார்த்தேன். இடது கை நடைக்கு ஏற்ப வீசிக்கொண்டிருந்தது. வலது கை அசையவே இல்லை. உடம்போடு ஒட்டித் தொங்கியது. எத்தனை மாதமாக அவளோடு அந்தச் சாலையில் நடந்திருக்கிறேன். எப்போதும் பக்கத்தில்தான் நடந்தேன்.

நரம்பு மருத்துவர் இளம்பெண். மனைவியை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரே வாக்கியத்தை ஐந்து முறை எழுதச் சொன்னார். ஐந்தாவது வாக்கியம் முதலாவதில் பாதியாக இருந்தது. இதெல்லாம் எப்போதிலிருந்து என்று கேட்டபோது மனைவி என் பக்கம் திரும்பினாள். என் டைரியில்தான் பதில் இருந்தது. புதினா சாதத்துக்கு ஒரு தேதி, கொத்தமல்லிக்கு ஒரு தேதி, கிச்சடிக்கு ஒரு தேதி. நான் சொல்லச் சொல்ல மருத்துவர் வரிசையாக எழுதிக்கொண்டார். பதினான்கு மாதங்கள். ஒவ்வொரு அறிகுறிக்கும் நான் ஒரு பண்டம் செய்து போட்டு அதை மறைத்திருக்கிறேன்.

பார்க்கின்சன் என்றார். பலருக்கு மூக்குத்தான் முதலில் போகும், சிலருக்குப் பல வருடங்கள் முன்பே, என்றார். மாத்திரை நன்றாக வேலை செய்யும். ஆனால் நோய் நிற்காது, மெதுவாகப் போகும். எவ்வளவு மெதுவாக என்று என் மனைவி கேட்டாள். அதை இப்போது சொல்ல முடியாது என்றார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடமாகிறது. அவள் வேலையை விட்டுவிட்டாள். மாத்திரையில் குரல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, நடையும்தான். பருப்பும் தயிரும் மாத்திரையோடு சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது என்பதால் சமையலின் நேரங்களே மாறிவிட்டன. காலை மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்து, வறுத்த அரிசி நொய்யில் சுக்கும் உப்பும் போட்ட கஞ்சி. மதியம் காய்கறி சாதம். பருப்பு, தயிர் எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு. கசப்பும் உறைப்பும் அவள் நாக்குக்கு இன்னும் தெரிகின்றன. அதனால் பாகற்காயை மெல்லியதாகச் சீவி, அரிசி மாவு தூவி, மொறுமொறுவென்று வறுக்கிறேன். மெல்லும்போது வரும் சத்தம் பிடித்திருக்கிறது என்கிறாள்.

டைரியில் இப்போது மேல் வரி எழுதுவதில்லை. போன வாரம் ரசம் கேட்டாள். அதற்கு முந்தின வாரம் சாதத்தைக் குழைய வேகவைக்கச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. விழுங்குவதைப் பற்றி மருத்துவர் முன்பே எச்சரித்திருக்கிறார்.

சாப்பிடும்போது நான் அவளையே பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. நேற்றுச் சொல்லிவிட்டாள்: "என் கையைப் பாக்காம உங்க தட்டைப் பாத்துச் சாப்பிடுங்க. எனக்குப் பயமா இருக்கு நீங்க பாக்கறது."

இன்று ராத்திரி தட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். அவள் மோர் டம்ளரை எடுப்பது கேட்டது. அதை மறுபடி மேஜையில் வைக்கும் சத்தம் வரவேண்டும். வெகுநேரம் வரவில்லை. நிமிராமல் காத்திருந்தேன்.