எதிர்முனையில் கேட்கிறதா?

எப்சி எனக்கு அறிமுகமானதே சண்டையில்தான். தாம்பரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு செல்போன் கடையில் விற்பனைக்கு நிற்பவள். அவள் எனக்கு விற்ற இயர்பட்ஸில் பாட்டு அமர்க்களமாகக் கேட்டது. நான் பேசினால் மட்டும் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. கூடுவாஞ்சேரியில் ஜெராக்ஸ் கடை வைத்து, நாள் முழுக்க போனில் மல்லுக்கட்டுகிறவன் நான். மூக்குக்கு மேல் கோபம் வந்து, போய்க் கத்திவிட்டேன்.

வேறு யாராவது என்றால் கம்பெனியைக் கைகாட்டியிருப்பார்கள். எப்சியோ, "தப்பு என்னோடதுதாண்ணா. பாட்டு போட்டுக் காட்டினேன், பேசிப் பாக்கல" என்று மாற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் வழக்கமே மாறிவிட்டது. பேசுவதற்காக வாங்க வருகிறவரை இயர்பட்ஸோடு இரைச்சலான ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் நிறுத்தி, எனக்குப் போன் போடச் செய்வாள். "மாட்டிக்கினு இருக்கிறவருக்கு இன்னா தெரியும்? அந்தாண்ட கேக்குறவரைக் கேளுங்க" என்பாள். சம்பளமில்லாத இந்த உத்தியோகத்தில் நான் சலித்துக்கொள்ளாத நாளில்லை. ஆனாலும் போனை எடுக்காமல் இருந்ததில்லை.

போன மாதம் ஜெரூஷா என்ற பெண் எப்சியின் கடைக்கு வந்தாள். நாவலூரில் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களுடன் போனில் பேசும் வேலை. அம்மா படுக்கையில் விழுந்துவிட்டதால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டிருந்தாள். திங்கட்கிழமை சோதனை அழைப்பில் வெளிச்சத்தம் கேட்டால் அனுமதி கிடையாது. அவள் வீடோ அனகாபுத்தூரில், விமானங்கள் தாழப் பறக்கும் இடத்தில். அம்மாவா வேலையா என்று ஒன்றை விடவேண்டிய நிலை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எப்சி, கடையில் காட்டுவதற்கு வைத்திருக்கும் மூன்று ஜோடிகளோடு ஜெரூஷா வீட்டு மொட்டைமாடிக்கே போய்விட்டாள். யார் செய்வார்கள் இதை? போனின் எதிர்முனையில் வழக்கம்போல் நான்.

முதல் ஜோடி மலிவு. "வணக்கம், நான் ஜெரூஷா" என்பதற்குள் விமானம் வந்து மீதியை விழுங்கியது. இரண்டாவது, கடையிலேயே விலை கூடியது. அதிலும் இரைச்சல் குறையவில்லை.

"காதுல மாட்டினா எனக்கு சுத்தமா சத்தமே இல்லையே அக்கா!" என்றாள் ஜெரூஷா, அழாத குறையாக.

"அது உன் காதை அடைக்குது. மைக் நல்லா இல்லம்மா" என்றாள் எப்சி. அதை விற்றிருந்தால் முதலாளி குளிர்ந்திருப்பார்.

மூன்றாவது, நடுத்தர விலை. ஜெரூஷா வணக்கம் சொன்னாள், பெயர் சொன்னாள், என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"விமானம் வந்தப்புறம் பேசச் சொன்னா, அதுக்குள்ள என்னம்மா அவசரம்?"

எதிர்முனையில் எப்சி சிரித்தாள்.

"தலைக்கு மேலயே போயிட்டு இருக்குண்ணா. இன்னும் தாண்டல."

பக்கத்தில் ஜெரூஷா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எப்சியை அந்த நிமிடம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை என் கடையில் போன் அடித்தது.

"வணக்கம், நான் ஜெரூஷா பேசுறேன். இனிமே வீட்ல இருந்துதான் வேலை."